கம்முனு மேடமும் சித்தப்பா குதிரையும்

ஓசூர் வட்டாரத்தில் யானைக்கு அடுத்தபடியாகப் போக்குவரத்தை நிறுத்தும் வல்லமை படைத்தவர் கம்முனு மேடம் ஒருவர்தான். யானை வந்தாலாவது வனத்துறைக்காரர்கள் ஓடி வருவார்கள். மேடம் தனி ஆளாகவே நிறுத்துவார்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தது கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாக. தளி ரோட்டில், காலை ஷிஃப்ட் நேரம். அறுபது வயதிருக்கும் ஒல்லியான அம்மாள் ஒருவர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நடுரோட்டில் நின்று ஒரு குதிரையைக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார். குதிரையோ கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்தது. ஒரு லாரி டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அம்மாள் லாரியின் படியில் ஏறி அவர் காதருகே, "தம்பி, கம்முனு இரு. அது மாசமா இருக்குது" என்றார்.

டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. தளி ரோட்டில் குருவி கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. ஒன்பது வயது மகள் நிலா, குதிரை ஓட்டியே தீருவேன் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அந்த ஞாயிறே நான், மனைவி ரேவதி, நிலா மூவரும் விசாரித்துக்கொண்டு, மேடம் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் போய் நின்றோம்.

"கிளாஸ் எவ்ளோ நேரம் மேடம்? நாங்க அதுக்குள்ள கடைக்குப் போய்ட்டு வந்துடறோம்" என்றேன்.

"எங்க போறீங்க? பூட்ஸ் அந்த ஓரமா இருக்குது. உங்க சைஸ் என்ன?"

"எனக்கா? நான் பாப்பாவக் கொண்டாந்து விட வந்தவன் மேடம்."

"புள்ளைய மட்டும் விட்டுட்டுப் போறதுக்கு இதென்ன டியூஷன் சென்டரா? குடும்பமா ஏறுனா சேத்துக்குவேன். இல்லன்னா வந்த வழி தெரியுமில்ல?"

திரும்பிப் பார்த்தால் ரேவதி ஏற்கெனவே ஒரு காலில் பூட்ஸை மாட்டியிருந்தாள்.

குதிரைகளுக்கெல்லாம் உறவுமுறைதான் பெயர். சித்தப்பா, மச்சான், அத்தை, மாமியார். ஏன் என்று கேட்டேன். "பேரு வெச்சா அதிகாரம் பண்ணத் தோணும். மொறை சொல்லிக் கூப்ட்டா நாக்கு தானா அடங்கும்" என்றார்.

எனக்கு வாய்த்தது மாமியார். வேப்பனப்பள்ளிப் பக்கம் வளர்ந்தவள், தெலுங்கு மட்டும்தான் புரியும். அது தெரியாமல் நான், பக்கத்தில் ஒருவர் மச்சானிடம் பேசிய கன்னடத்தைக் காப்பியடித்து "ஹோகு, ஹோகு" என்று விரட்டினேன். கன்னடத்தில் அதற்குப் 'போ' என்று பொருள். மாமியார் காதிலோ அது தெலுங்கு 'ஆகு'வாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் 'நில்'. நான் கத்தக் கத்த அவள் மைல்கல் மாதிரி நின்றாள்.

கம்பெனியில் பிரஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எனக்குக் குரலே அப்படி. மேடம் பக்கத்தில் வந்தார். "மெஷினுக்குத்தாங்க காது இல்ல. இதுக்கு இருக்குது. வீட்ல இருக்கறவங்களுக்கும் இருக்குது. கம்முனு உக்காருங்க."

ரேவதி அத்தையின் மேல் உட்கார்ந்தபடி, கேட்காததுபோல வானத்தைப் பார்த்தாள்.

அதற்குச் சில மாதம் கழித்து நடந்ததுதான் முக்கியமானது. பக்கத்து மாந்தோப்பில் குரங்கு விரட்ட யாரோ வெடி போட்டார்கள். நிலா ஏறியிருந்த சித்தப்பா மிரண்டு, திறந்திருந்த கேட் வழியாக அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. காட்டைத் தாண்டினால் லாரிகள் பறக்கிற ரோடு.

"சித்தப்பா! நில்லு! ஐயோ, நிலா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் கத்தியதும் குதிரை இன்னும் வேகமெடுத்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. மேடம்.

"குந்துங்க."

"மேடம், என் பொண்ணு..."

"நீங்க தொரத்தற வரைக்கும் அது ஓடும். பாப்பாவுக்குப் பிடரியப் புடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கறேன், புடிச்சுக்குவா. முதுகக் காட்டிக் குந்துங்க!"

முதலில் உட்கார்ந்தது ரேவதி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மேடம் எங்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு, குதிரை ஓடிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பையிலிருந்து நிலக்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பெற்ற மகள் குதிரையோடு போய்க்கொண்டிருக்க, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று என்னால் எழுத முடியாது.

குளம்புச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு தயங்கியது. பிறகு நின்றேவிட்டது. கடலை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் வெதுவெதுப்பாக மூச்சுக் காற்று பட்டது. துரத்த ஆளில்லை என்றதும், இவர்கள் எதைத் தின்கிறார்கள் என்று பார்க்கச் சித்தப்பாவே திரும்பி வந்திருந்தது. மேலேயிருந்து நிலாவின் குரல்: "அப்பா, நீ குதிரை லத்தி மேல உக்காந்திருக்க."

ரேவதி அழுதுகொண்டே சிரித்தாள். நான் எழுந்து மேடத்தைக் கும்பிடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் கடலைப் பருப்பையெல்லாம் மண்ணில் போட்டுவிட்டுத் தோலை மென்றுகொண்டிருந்தார். அத்தனை பயத்தை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் நான் வேலையில் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினேன். "சார், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று பையன்கள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சமீபத்தில் மேடத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தால், படிக்கிற குடும்பங்கள் எல்லாம் லாயத்தில் நிற்கின்றன. ஒருவர் லத்தி அள்ளுகிறார், ஒருவர் புல் உதறுகிறார், ரேவதி தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு மேடம் ஒவ்வொருவரையும் திட்டினார். "அது தொடப்பமா, மயிலிறகா? அழுத்திக் கூட்டுங்க!"

திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த லாயத்தை மறுபடியும் கூட்ட ஆரம்பித்தோம்.