நல்லமுத்து அண்ணாச்சி தரம் பார்த்த விளையாட்டு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கேம் கடை வைத்திருந்த பூமிநாதனுக்கு ஒரு மனிதர் மேல் உள்ள கடுப்பு தொண்ணூற்றாறாம் வருஷத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை. அந்த மனிதர் தனிப்பிறவி அல்ல, ஓர் இனம். தொடாமலே தரம் சொல்கிற இனம். உங்கள் தெருவிலும் இருப்பார். அடுப்படிப் பக்கமே போகாமல் குழம்பில் புளி தூக்கல் என்பாரே, அவர்தான்.

பூமிநாதனுக்கு வாய்த்தவர் நல்லமுத்து, பருத்தித் தரகர். மூட்டையில் ஓட்டை போட்டு, ஒரு பிடி பஞ்சை உருவி, விரலில் இழுத்துப் பார்த்து, லோடு முழுவதற்கும் தரம் சொல்லிவிடுவார். பஞ்சுக்கு அது சரி. கேம் கடைக்கும் அதே பழக்கத்தோடு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு டீ குடிக்கிற நேரம் டிவியைப் பார்ப்பார். பள்ளம் தாண்டுகிற இடமாக இருந்தால், லேசு என்பார். அரக்கன் வந்தால், கஷ்டம்தான், ஆனால் நியாயமான கஷ்டம் இல்லை. யாராவது கேட்டார்களா? கேட்டால் அவர் அந்த இனமே இல்லையே.

பூமிநாதனிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல கேசட்டு. குகை குகையாக வழி தேடிப்போய் அரக்கர்களை வெட்டுகிற ஆட்டம். முடிக்கப் பத்து நாளாகும். முடித்தவன் முதலிலிருந்து மறுபடி ஆடினால் நெருப்பு வாள் கிடைக்கும், முதல் தடவை திறக்காத குகைக் கதவும் திறக்கும். அந்தக் கதவை நம்பித்தான் பூமிநாதன் கடைக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

முதலில் முடித்தவன் தறிக்குப் போகிற மருதுபாண்டி. மறுநாளே திரும்ப ஆட உட்கார்ந்தான்.

"ஏப்பா, முடிச்சதத்தான திரும்ப முடிக்கப் போற?" என்றார் நல்லமுத்து.

"இந்தத் தடவ நெருப்பு வாளு குடுப்பாக அண்ணாச்சி."

"அது இல்லாமலே முடிச்சுட்டயே. இப்ப எதுக்கு?"

மருதுபாண்டி யோசித்தான். அங்கேதான் கெட்டது. எழுந்து போய்விட்டான். அண்ணாச்சி தரம் பார்த்துவிட்டார், இரண்டாம் ஆட்டத்தில் சரக்கு இல்லை என்று மல்லாங்கிணறு வரை பேச்சு போனது. மூன்று வாரத்தில் பூமிநாதன் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

கடையை ஒரேயடியாக மூடுகிற அன்று மத்தியானம் வந்தவர் நல்லமுத்து ஒருவர்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, முதல்முறையாக ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி ஆடினார். முதல் பள்ளத்தில் விழுந்தார். பதினாலு தடவை விழுந்தார். பூமிநாதன் பின்னால் நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் வாயிலும் அது தானாக வந்தது: "லேசுதான் அண்ணாச்சி."

சிரிக்கிறீர்களா? தலைப்பைப் பார்த்ததுமே, லேசான சரக்கு, இரண்டாம் தரம் வாசிக்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியவர் யாராவது இருந்தால், அவர் சிரிக்காமல் இருப்பது நல்லது.

நல்லமுத்து எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்.

"தம்பி, மருதுபாண்டிய பாத்தா, அண்ணாச்சி ரெண்டு தடவ முடிச்சுட்டாகன்னு சொல்லிரு. அந்தக் கதவுக்கு அங்கிட்டு ஒண்ணுமில்லன்னும் சொல்லிரு."