சுக்கான் பிடித்த கையில் மாட்டுக் கயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி பிலோமினா இதைக் கல்யாணமான நாள் முதலாகச் சொல்லிவருகிறாள். அந்த வாயால் அவள் அப்பாவின் மீசை போகப் பார்த்தது உண்மை. அதைக் காப்பாற்றியதும் நான்தான் என்பதை அவள் ஒரே ஒரு தடவைதான் ஒப்புக்கொண்டாள். அதனால் மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு மாதம். கச்சான் காற்று வலுத்து, தோணிகள் எல்லாம் கரையில் கிடந்த சமயம். மாமனார் வீட்டில் தினமும் விருந்து. மிக்கேல் மாமா துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். அந்த வீட்டில் மீனைவிட மாட்டுப் பேச்சுதான் அதிகம். எனக்கு மாட்டைப் பற்றித் தெரிந்தது, அது பால் தரும் என்பது மட்டும். (காளை அதுவும் தராது என்பது பிறகுதான் உறைத்தது.)

ஆனால் என்னிடம் ஒரு தொப்பி இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த அகலத் தொப்பி. டாக்கீஸில் மூன்று கௌபாய் படமும் பார்த்திருந்தேன். போதாதா?

"கொழும்புக்கே தோணி விடுதவனுக்கு வண்டி மாடு எம்மாத்திரம், மாமா? கயித்தைக் கையில குடுங்க, காட்டுதேன்" என்று தினமும் சோற்றோடு சேர்த்து அளந்தேன். மாமா மீசையை முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார். சும்மா சொல்லக்கூடாது, அது மீசை! அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது. ஊர்த் திருவிழாவின் மாட்டு வண்டிப் பந்தயத்தில் மூன்று வருஷமாக மாமாவின் வண்டி, ஏரல் ஊர் மாட்டு வியாபாரி ஒருவரிடம் தோற்றுக்கொண்டிருந்தது. "இந்த வருசமும் தோத்தா மீசையை மழிச்சிட்டு உம்ம முன்னால வந்து நிக்கேன், ஓய்" என்று கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பந்தயத்தன்று காலையில் வண்டிக்காரனுக்கு வயிற்றுப்போக்கு. மாமா நேரே என்னிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, தொப்பி எங்க?"

பிலோமினா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"நெசமாவே ஓட்டத் தெரியுமா?"

"என்னளா இப்படிக் கேட்டுட்ட?"

"தெரியுமா, தெரியாதா?"

"பாத்துக்கிடுதேன்."

"எங்கப்பா மீசை போச்சுன்னா நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன். இங்கனயேதான் கிடப்பேன், சொல்லிட்டேன்."

ஒரு மாத மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? தொப்பியோடு போய் வண்டியில் ஏறினேன். பின்னால் மாட்டை விரட்டக் குரல் கொடுக்க இசக்கி. மாமாவின் ஆள், எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவான். மொத்தம் நாலு வண்டி. உப்பளப் பொட்டலில் நட்ட கம்பத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

தோணியில் சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் தோணி வலப்பக்கம் திரும்பும். எட்டு வருஷப் பழக்கம், கை யோசிக்காது. மாடு அப்படியில்லை. எந்தப் பக்கக் கயிற்றை இழுக்கிறோமோ அந்தப் பக்கமே போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இதையும் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளம்பியதும் ஒரு பள்ளத்தை விட்டு விலகப் பார்த்தேன். நேரே பள்ளத்தில் இறங்கி ஏறினோம். ஒரு சர்பத் கடையை விட்டு விலகினேன். கடைக்காரர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அண்ணாச்சி, எங்கன போறிய?" என்று இசக்கி அலறினான்.

"குறுக்கு வழிலே!" என்றேன். (மானம் முக்கியம்.)

கம்பத்துக்கு நாங்கள் கடைசியாகத்தான் வந்தோம். முன்னால் போன மூன்று வண்டிகளும் கம்பத்துக்கு இடப்பக்கம் போய், வலம் திரும்பும் இடத்தில் ஒன்றையொன்று முந்தப் பார்த்து, சக்கரத்தோடு சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றன. நானும் இடப்பக்கம் போக நினைத்து வலக் கயிற்றை இழுத்தேன். மாடுகள் கம்பத்துக்கு வலப்பக்கம் பாய்ந்தன. ஐயோ, தப்பு, வலது பக்கமாக விலகி நின்றுவிடலாம் என்று இடக் கயிற்றை இழுத்தேன். மாடுகள் இடப்பக்கம் வளைந்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று வண்டிக்காரர்களுக்கும் வெளியே போய், அழகாகக் கம்பத்தைச் சுற்றிவிட்டன! முன்னால் காலிப் பொட்டல். இசக்கி தொண்டை கிழியக் கத்த, மாடுகள் பறந்தன. நான் கயிற்றையே தொடவில்லை. வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

எல்லைக் கோட்டை முதலில் தாண்டியது எங்கள் வண்டிதான். ஆனால் நிறுத்தத் தெரிய வேண்டுமே!

"பாயை இறக்குலே!" என்று கத்தினேன்.

"பாய் எங்கன அண்ணாச்சி இருக்கு?"

வெற்றி மாலை வைத்திருந்த மேசையைச் சாய்த்து, கொட்டுக்காரர்களைக் கலைத்து, மாடுகள் தினமும் குளிக்கும் கடற்கரைக்கே போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. என் தொப்பி கொழும்புப் பக்கமாகக் கிளம்பிவிட்டது.

மாமா வேட்டியோடு கடலில் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். பின்னாலேயே ஏரல்காரர் வந்தார்.

"செல்லாது! கம்பத்தை வலமா வரணும். இவரு இடமால்லா வந்திருக்காரு!"

மாமா மடியிலிருந்து பந்தய நோட்டீசை எடுத்து நீட்டினார். "எங்க எழுதியிருக்கு, காட்டும்? 'கம்பத்தைச் சுற்றி வர வேண்டும்'. சுத்துனாரா இல்லையா?"

விழாக் கமிட்டித் தலைவர் கண்ணாடியை மாட்டி மூன்று தடவை படித்தார். "சுத்தியிருக்காரு" என்றார். ஊரே விசிலடித்தது. அடுத்த வருஷ நோட்டீசில் 'வலப்புறமாக மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் சேர்த்தார்கள். பந்தயத்துக்கே ஒரு சட்டம் வாங்கிக் கொடுத்தவன் நான்!

அன்று மாலையே பிலோமினா பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் வழி சொன்னால் எல்லாரும் எதிர்ப்பக்கம்தான் திரும்புவார்கள்.

மாமா எண்பத்து நாலு வயதில் மீசையோடு போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டியை மூடும் முன் பிலோமினா மீசையின் இரண்டு நுனியையும் முறுக்கிவிட்டு, "நீங்க காப்பாத்துனது" என்றாள். நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஊர்வலத்தின் முன்னால் நடந்தேன். முச்சந்தியில் கண் தெரியாமல், "இடப்பக்கம்" என்று கை காட்டினேன்.

பெட்டி தூக்கிய ஆறு பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். கல்லறை அந்தப் பக்கம்தான் இருந்தது.