சோக்கு வெடித்ததற்கு ஓடிய வாத்தியார்

12.2.2008

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தனுஷ்கோடி எழுதிக்கொண்டது. அக்காவுக்கு முட்டுவலி குறைந்திருக்கும், ஆலங்குளத்தில் சிமெண்டுத் தூசி போக மீதி எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் உடம்பால் நலம். வெளியே தலைகாட்டத்தான் முடியவில்லை.

நீங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கித் தந்த வாத்தியார் வேலையை ராஜினாமா செய்யப்போகிறேன் அத்தான். பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் எட்டாம் வகுப்புப் பாடம். சென்னையில் ஒரு டீச்சர் நடத்துவது டிஷ் வழியாக டிவியில் வரும், புரியாததை நான் விளக்க வேண்டும். எங்கள் அறையும் காமிராவில் அந்த டீச்சருக்கும் மற்ற முப்பது மையங்களுக்கும் தெரியும். இருபத்திரண்டு பேர் சேர்ந்த இடத்தில் இப்போது பதினொன்று. பத்துக்குக் கீழே போனால் மையத்தைச் சாத்தூருக்கு மாற்றிவிடுவார்கள், பஸ் பிடித்துப் போய் யார் படிப்பார்கள்? வருகிறவர்களும் டீச்சர் கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள். "முன்னபின்ன தெரியாத மனுசிகிட்ட என்னத்த சார் பேச?" என்பாள் அய்யம்மாள்.

போன ஞாயிறு, பின்னக் கணக்கு நடக்கும்போது என் தலைக்கு மேலே டியூப்லைட் சோக்கு 'டப்'பென்று வெடித்தது. ஒரே கருகல் நாற்றம். காலேஜுக்கு முன் இரண்டு வருஷம் நானும் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவன்தானே, அங்கே முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் செருப்பைத் தேடாதே, தூக்குவாளியை எடுக்காதே, ஓடு. ஓடினேன். ஓடியதோடு விட்டேனா, வெளியே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். ஏன் போட்டேன் என்று சத்தியமாகத் தெரியாது அத்தான். பதினொரு பெண்களை உள்ளே வைத்து அடைத்துவிட்டு, கையில் சாக்பீஸோடு வெறுங்காலில் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

உள்ளே ஒருத்தியும் அசையவில்லையாம். வெடிமருந்துச் சத்தம் எது, சோக்குச் சத்தம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா? சென்னை டீச்சர் பதறிப்போய் "ஆசிரியர் எங்கே?" என்று கேட்க, இத்தனை மாதம் அவரிடம் வாயே திறக்காத அய்யம்மாள் மைக்கைப் பிடித்து, "சார் ஓடிட்டாக டீச்சர். போறப்ப எங்கள உள்ள வச்சுத் தாப்பாளும் போட்டுட்டாக. நீங்க கணக்க முடிங்க" என்றாளாம். முப்பது மையமும் சிரித்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டவன் எதிர் டீக்கடை உக்கிரபாண்டி. என்னைக் கண்டால் "வாத்தியாரே, இன்னைக்கு ஓட்டமா நடையா?" என்கிறான்.

அந்தப் பெண்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? ராஜினாமாக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீங்களே சேர்ப்பித்துவிடுங்கள். உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போல் இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

வெட்கத்துடன்,
தனுஷ்கோடி

பி.கு.: உறையை ஒட்டும்போது அய்யம்மாள் வந்துவிட்டாள். ராஜினாமாவை உருவிக்கொண்டேன், உள்ளே தேடாதீர்கள். இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு, நின்றுபோனவர்களில் ஒன்பது பேர் திரும்ப வருகிறார்களாம். "ஓடுனதுல தப்பில்ல சார், கம்பெனியில நாங்களும் ஓடுறவகதான். ஒரே ஒரு கண்டிசன். இனிமே கதவுப் பக்கம் நாங்க உக்காந்துக்கிறோம், நீங்க உள்ள தள்ளி உக்காருங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.