இன்னாத்துக்கு ஐயாவின் ஞானஸ்நான வகுப்பு

ஆம்பூரில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த குழந்தைகளைவிட, அவரிடம் முதுகைக் காட்டி ஓடிய குழந்தைகள்தான் ஜாஸ்தி. வாரத்தில் ஆறு நாள் அவருக்கு வீடு வீடாகப் போய் அம்மை குத்துகிற வேலை. காக்கிச் சட்டை, தகரப்பெட்டி, ஒரு பழைய சைக்கிள். தெருமுனையில் அந்த சைக்கிள் மணி கேட்டதும் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. கட்டிலடி, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் எல்லாம் நிரம்பிவிடும். மாடுகூட மிரண்டு நிற்கும்.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதே மனிதர் வெள்ளை வேட்டி கட்டி எங்கள் சபையில் ஞானஸ்நான வகுப்பு எடுப்பார். அன்று ஓட வழியில்லை. கதவுக்குப் பக்கத்தில்தான் அவருடைய நாற்காலி.

எங்கள் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. பிள்ளை வளர்ந்து, விவரம் தெரிந்து, தானாக வந்து கேட்க வேண்டும். அப்புறம் பாலாற்றில் முழுக்கிக் கொடுப்பார்கள். பாலாறோ பெயருக்குத்தான் ஆறு. வருஷம் முழுக்க மணல். ஐப்பசியில் மேற்கே நல்ல மழை பெய்தால் சில நாள் தண்ணீர் ஓடும். அதை விட்டால் அடுத்த வருஷம். தண்ணீர் வருவதற்குள் பிள்ளைகள் தயாராக வேண்டுமே என்பது போதகரின் கவலை. தயாராகாத பிள்ளை தண்ணீரில் இறங்கிவிடக் கூடாதே என்பது இவருடைய கவலை.

“தண்ணி வந்துச்சேன்னு முங்கறதுன்னா, மீனுக்குத்தான் மொதல்ல ஞானஸ்நானம் குடுக்கணும்” என்பார்.

யார் போய் ஞானஸ்நானம் கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னாத்துக்கு?” அதனால் அவர் எங்களுக்கு இன்னாத்துக்கு ஐயா. உண்மைப் பெயரைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

என் பெரியப்பா மகன் சாமுவேல் மார்பை நிமிர்த்திச் சொன்னான்: “பரலோகம் போறதுக்கு ஐயா!”

“இப்பவேவா? மத்தியானம் சோறு துன்னுட்டுப் போலாமே.”

இன்னொரு பையன், “எங்கம்மா எடுக்கச் சொன்னாங்க” என்றான்.

“அப்போ அம்மாவை வரச் சொல்லு. அவங்களுக்குக் குடுத்துடலாம்.”

ஒரு சின்னப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “வெள்ளைக் கவுன் தைச்சாச்சு ஐயா” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “இன்னைக்கு இந்த ரூம்ல நெசம் பேசினது இது ஒண்ணுதான்” என்று சொல்லி அவளுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். ஆனால் ஆற்றுக்கு அனுப்பவில்லை. “கவுனை ஒரு சுத்து பெரிசா தைக்கச் சொல்லு, கண்ணு. அடுத்த வருசம் போடலாம்.”

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கேள்வி பதில் புத்தகம் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த அப்பா, விருந்தாளிகள் வந்தால் என்னை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார். எஸ்தரைத் தவிர வேறு யாருக்கு இந்த வருஷம் கிடைக்கும் என்று சபையே பேசியது.

கடைசித் தேர்வன்று ஐயா புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்.

“எஸ்தரு, யாரைப் பாத்தா உனக்கு வேற தெருவுல போயிடலாம்னு தோணுது?”

“உங்களைப் பாத்தாதான் ஐயா.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே குரலில் கேட்டார்: “சரி. என்னைத் தவிர?”

“யாருமில்லை ஐயா” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, போ” என்றார். நான் பாஸ்.

அது பொய். எனக்குக் கஸ்தூரி இருந்தாள்.

கஸ்தூரி குடியாத்தத்தில் தறி நெய்கிற வீட்டுப் பெண். ஆம்பூரில் மாமா வீட்டில் தங்கி என்னோடு படித்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு உலக உருண்டை உண்டு. தொடக்கூடாது என்று உத்தரவு. ஒரு மத்தியானம் நான் அதைச் சுழற்றினேன். வேகமாகச் சுழன்றால் எந்த நாடும் தெரியாது என்பதைப் பார்க்க ஆசை. உலகம் மேஜையிலிருந்து உருண்டு விழுந்து, கடலுக்கு நடுவில் பிளந்தது. கஸ்தூரி அப்போது எனக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே ஓடிவிட்டேன். டீச்சர் விசாரித்தபோது, “கஸ்தூரிதான் ரூம்ல இருந்தா டீச்சர்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த கெட்டிக்காரத்தனம்.

அவளுக்கு அடி விழுந்தது. மாமா வீட்டில் பேச்சு விழுந்தது. அவள் அப்பா வந்து, படித்தது போதும் என்று அழைத்துப் போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பாலாற்றங்கரையில் சபை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. வாலாஜாபேட்டையிலிருந்து என் அத்தைமார் வந்திருந்தார்கள். வீட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. சாமுவேல் முழுகி எழுந்தான். போதகர் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். தண்ணீர் என் காலைத் தொட்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“எனக்கு இப்போ வேணாம்.”

பாட்டு நின்றது. அப்பா மணலில் பாய்ந்து வந்தார். “இன்னாடி, வெளையாடறியா? வாலாஜாவுலேந்து ஜனம் வந்திருக்குது!”

அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இன்னாத்துக்கு ஐயா வந்து நின்றார். “மேஸ்திரி, பொண்ணு வேணாங்கல. இப்போ வேணாங்குது. ரெண்டும் வேற.”

“தண்ணி போய்டும் ஐயா!”

“போவட்டும். அதுக்கு வழி தெரியும், திரும்ப வரும்.”

“வீட்ல பிரியாணி பண்ணி வெச்சிருக்குதே?”

“பிரியாணி இன்னா பாவம் பண்ணுச்சு? போய்த் துன்னலாம்.”

கரையில் ஒரு வேலமரத்துப் பக்கம் ஐயா என்னை அழைத்துப் போனார். நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஜெபம் பண்ணுவார் என்றும் நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “இதை எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நானா அடி வாங்கினேன்? நாளைக்கு லீவு போடறேன். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். குடியாத்தம் போலாம் வா.”

மறுநாள் பஸ்ஸில் போனோம். வெள்ளை வேட்டி ஈரம் காயாததால் காக்கிச் சட்டையில் வந்தார். கட்டுச்சோறு கொண்டுவர அவரிடம் தகரப்பெட்டியைத் தவிர வேறு பாத்திரம் இல்லை. குடியாத்தத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

கஸ்தூரியின் அம்மா கதவுக்கு உள்ளிருந்தே கத்தினார்: “எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குப் போன மாசமே குத்தியாச்சு!”

“குத்த வரலம்மா! ஒரு பொண்ணு மன்னிப்புக் கேக்க வந்திருக்குது!”

“யார்கிட்ட?”

“உங்க பொண்ணுகிட்ட!”

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. கஸ்தூரி தறியடியில், கால் வைக்கிற குழிக்குள் ஒடுங்கி, இரண்டு கையையும் பாவாடையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயா வாசலிலேயே நின்றுகொண்டார். நான் குழியோரம் மண்டியிட்டேன்.

“கஸ்தூரி, உலக உருண்டையை உடைச்சது நான்தான்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நான் உடைக்கலையே. ரூம்ல வேற யாரு இருந்தா?”

“அப்புறம் ஏன் நீ சொல்லல?”

“சொன்னேனே. யாரு கேட்டாங்க?”

நான் அழுதேன். அவள் அழவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “எங்கப்பாட்ட சொல்வியா? டீச்சர்ட்ட?” என்று கேட்டாள். அவள் அப்பா நூல் வாங்கப் போயிருந்தார். திரும்பும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழியிலிருந்து ஏறி நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரிடம் சொன்ன அன்று என் உள்ளங்கை வீங்கியது. ஆனால் அவரே குடியாத்தத்துக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் கஸ்தூரி திரும்ப வந்தாள், எனக்கு ஒரு வகுப்பு கீழே. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு நெல்லிக்காயை நீட்டினாள், உப்பில்லாமல். உப்பு வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

அந்த வருஷ ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வரவில்லை. அதற்கும் அப்பா என்னையே காரணம் சொன்னார். அதற்கடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. நானே போய்க் கேட்டேன். ஐயா எனக்குத் தேர்வே வைக்கவில்லை. ஆற்றில் இறங்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து, “குளுரும் எஸ்தரு, மாத்துத் துணி கொண்டாந்தியா?” என்றார். மறந்துவிட்டிருந்தேன். நான் முழுகி எழுந்து கரையேறியபோது, தன் தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆலங்காயத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் ஆலங்காயம் பஸ் எதிரே வந்தால், ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தெருவைக் கடக்கிறேன்.