உச்சி வெயிலில் பேசிய வளைவு

என்னை யாராவது தைரியசாலி என்று சொன்னால், அவர் எங்கள் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். சாப்பிட்டிருந்தால் சோற்றோடு இந்தக் கதையையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ரயில் வந்த புதிது. கரிசல்காட்டு நடுவில் கருங்கல்லில் சின்ன ஸ்டேஷன் ஒன்று கட்டினார்கள். டிக்கெட் கொடுக்கும் அறைக்கு முன்னால் ஒரு கூடம். இந்தச் சுவரில் கிளம்பி அந்தச் சுவரில் போய் இறங்கும் ஒரே கல் வளைவுதான் அதற்குக் கூரை. வெளியே அனல் அடித்தாலும் உள்ளே கிணற்றுக்குள் நிற்பதுபோலச் சில்லென்றிருக்கும்.

அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் முனி பீடம் இருந்ததாம். பெயர்த்து வேலிக்கு வெளியே வைத்தார்களாம். கட்டக் கட்ட வளைவு சரிந்ததாம். சேவல் அறுத்த பிறகுதான் நின்றதாம்.

"பீடத்தத்தான் நகட்டுனாக. அவுக நகரல" என்பார் ஸ்டேஷனில் வேலை பார்த்த சங்கையா அண்ணன். "உச்சி நேரத்துல காவு கேட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாக. மூணாந்தடவ கூப்பிட்டாத்தான் வாயத் தொறக்கணும், தெரிஞ்சுக்கடா."

(பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் இது.)

நான் அங்கே மூட்டை தூக்கினேன். அன்று சாயங்காலம் திருச்சுழியிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே வந்த இடமெல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா ஒனக்குப் பெறகு காத்துக் கெடக்குற சோலைக்கும் நரச்சுப்போகும்லே" என்று அம்மா புலம்பினாள். சோலை என் தம்பி.

மத்தியானம் ரயில் போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டரும் சங்கையா அண்ணனும் சாப்பிடப் போய்விட்டார்கள். கூடத்தின் நடுவில் கொத்தமல்லி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிவிட்டு, இந்தப் பக்கச் சுவரோரம் சாய்ந்தேன். காற்று இல்லை. காக்காய்ச் சத்தம்கூட இல்லை. தண்டவாளத்துக்கு மேல் கானல் நெளிந்தது.

"கருப்பையா."

காதோரம் யாரோ மூச்சு விடுவதுபோல, சுவருக்குள்ளிருந்து என் பேர் வந்தது. திரும்பினேன். ஆள் இல்லை.

"மூட்ட தூக்குற ஒடம்பு. கருப்பையா தாங்குவான்."

 வாயை இறுக்கி மூடிக்கொண்டு விரலை மடக்கினேன்: இரண்டு.

"வேற பாக்க வேணாம். நமக்கு இந்தக் கருப்பையாவே போதும்."

மூன்று தடவை ஆகிவிட்டது. இனிப் பேசலாம். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு முனகினேன்:

"கருப்பையா வேணாம்... கருப்பையா வேணாம்... பாக்கத்தான் அப்படி. இடுப்பு போயிருச்சு. பொழுது சாஞ்சாக் கண்ணு தெரியாது. நெஞ்சுல ஈளை..."

 சுவர் நடுங்கும் குரலில், "அப்ப யாரு சாமி?" என்றது.

"தம்பிக்காரன் சோலை இருக்கான். கல்லு மாதிரி இருக்கான். அவன எடுத்துக்கங்க."

"ஆகட்டும் சாமி!"

(முனி என்னை எதற்காகச் சாமி என்கிறது என்று மூளை உள்ளவன் யோசித்திருப்பான். நான் அதற்குள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தேன்.)

கூடப் பிறந்தவனைக் காவு கொடுத்துவிட்டு வந்த பாவி, அவன் நெற்றியிலும் நெஞ்சிலும் திருநீற்றை அள்ளிப் பூசி, வாசலுக்கே விடாமல் காவல் இருந்தேன்.

சாயங்காலம் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா பரிதாபமாகக் கேட்டார்: "விளக்கக் கிட்டக்க வைக்கச் சொல்லவா தம்பி? கண்ணு தெரியுதா?"

அப்புறம் என் அப்பாவிடம் சொன்னார்: "மாப்பிள்ளயப் பத்தி விசாரிப்போம்னு மத்தியானமே பஸ்ஸுல வந்து ஸ்டேஷனுக்குப் போனோம். ஒருத்தரும் இல்ல. மூட்டைக்கு அந்தப் பக்கம் செவரோரம் நின்னு, எங்களுக்குள்ள பேசிக்கிட்டிருந்தோம். முனியே வாயத் தொறந்து சொல்லிருச்சுய்யா. எளையவருக்கே பொண்ணத் தாரோம்."

வளைவின் ஒரு காலில் கிசுகிசுத்தால் மறு காலில் கேட்கும் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் தம்பியை எதற்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு வெற்றிலைத் தட்டை நானே எடுத்து நீட்டினேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். தாங்காமல் ஒருநாள் உளறிவிட்டேன். தம்பி புரண்டு புரண்டு சிரித்தான். அவன் பெண்டாட்டி சிரிக்கவே இல்லை. தலைப்பிள்ளைக்கு முனியசாமி என்று பேர் வைக்கிற அன்று, ஊர் கூடியிருக்கும்போது, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"காதுல பேர நீங்களே சொல்லுங்க மச்சான். செவரு கிட்ட மட்டும் நின்னுறாதீக. திருச்சுழில கல்யாண வயசுல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா."