குப்பை ரயிலில் மனு கொடுக்கப் போன உடும்பு

இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னது ஒரு காகம். காகம் சொன்னதால் வந்த சந்தேகமா, இது உண்மையாக இருந்துவிடக் கூடாதே என்ற ஆசையா, எனக்கே தெளிவில்லை.

ஒரு காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் வளை தோண்டி ஓர் உடும்பு பதினொரு முட்டை இட்டிருந்தது. நகரத்துக் குப்பையை ரயிலில் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் கொட்டுவதென்று முடிவானது. வெள்ளோட்டம் விட்ட காலி வண்டியில் நரி அதிகாரி வந்து இறங்கியது.

"யாரும் குடியிருக்காத இடத்துலதான் கொட்டுவோம்மா. சட்டம் அப்படி."

"ஐயா, நான் குடியிருக்கேனே!"

"இருக்கலாம். காகிதத்துல இல்லையே. நகரத்து ஆபீஸ்ல நேர்ல போய் ஆட்சேபணை மனு குடு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"அவ்வளவு தூரம் எப்படிப் போறது?"

"இதே வண்டி காலியாத்தான் திரும்புது. ஏறிக்கோ."

நரி நல்லவர் என்று உடும்பு நினைத்தது. முட்டைகளை மண் தள்ளி மூடிவிட்டு ஏறியது.

ஆபீசில் மூன்று நாள் வரிசை. முன்னால் நின்ற ஆமை திரும்பி, "தள்ளாதீங்க அக்கா, நான் போன மழைக்கு வந்தவன்" என்றது.

வியாழக்கிழமை, உடும்பு அந்த வரிசையில் நின்றபோது, நரி பள்ளத்தை ஆய்வு செய்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூப்பிட்டது. பதில் வரவில்லை. 'குடியிருப்போர் எவருமில்லை' என்ற படிவத்தில் காகம் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

வெள்ளிக்கிழமை உடும்பின் மனுவில் முத்திரை விழுந்தது. ஊர் திரும்ப அந்த ரயிலை விட்டால் வேறு வழியில்லை. குப்பைக் குவியலின் மேல் உட்கார்ந்து, மனுவில் அழுக்குப் படாமல் வாயில் கவ்விக்கொண்டு வந்தது.

பள்ளத்தருகே வண்டி சாயத் தொடங்கியது. உடும்பு இரும்பு விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"ஐயா, முத்திரையோட மனு!"

நரி வாங்கி நிதானமாகப் படித்தது. "மனு சரிதாம்மா. ஆனா குடியிருக்கிறவங்க எதுக்குக் குப்பையோட வரணும்? உடும்புப்பிடி பிடிக்காதே, அடுத்த வண்டி காத்திருக்கு."

முதல் வண்டியிலேயே வளை மூடிப்போனது.

போன வாரம் காகத்திடம் கேட்டேவிட்டேன்: "முட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாயா?"

அது அலகைத் துடைத்துக்கொண்டு நீதியை மட்டும் சொன்னது.

நீதி: உன் வீடு உன்னுடையது என்று நிரூபிக்கப் போகும்போது, வீட்டையும் கையோடு தூக்கிக்கொண்டு போ.