நான்கு வரிகளுக்கு ஒரு முகவரி

மனித குலம் தீர்க்காமல் விட்டுவைத்திருந்த மாபெரும் கேள்விகளுள் ஒன்றுக்கு, எங்கள் அலுவலகத்தின் ஜன்னல் இல்லாத கூட்ட அறையில் விடை காணப்பட்டது. கண்டவன் அடியேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. உண்மையை மறைப்பது அதைவிடப் பிடிக்காது.

ஒரு பல் மருத்துவமனைக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தோம். நோயாளி வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்ய ஒரு படிவம்: பெயர், வயது, தொலைபேசி, எந்தப் பல். என்னென்ன விவரம் வரும் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்ல நான்கு வரி எழுத வேண்டும். அதற்கு ‘மாடல்’ என்று பெயர். எழுதுவது பெரிய விஷயமில்லை. எந்த ஃபோல்டரில் எழுதுவது என்பதில்தான் நாகரிகத்தின் எதிர்காலமே இருக்கிறது.

“எல்லா மாடலும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். அதான் ஒழுக்கம்” என்றார் சீனியர். பழைய சார்ஜர்களைக்கூடத் தூக்கிப் போடாதவர் என்பதால் அவருக்குக் களஞ்சியம் என்று பெயர்.

“படிவம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வைக்கலாமே சார்? தேடி அலைய வேண்டாம்ல?” என்றாள் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர்.

“நாளைக்கு இன்னொரு படிவம் அதையே கேட்டா?”

“கேக்கும்போது பாத்துக்கலாம் சார்.”

“இப்படிச் சொன்னவங்க யாரும் உருப்பட்டதில்ல!”

நான் டீம் லீடர். இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டு, இருவருக்கும் பிடிக்காததைச் செய்பவனே லீடர். பலகை நிறையக் கட்டம் போட்டேன், அம்பு விட்டேன். அந்த நான்கு வரிகளுக்காகவே தனி புராஜெக்ட், அதற்குள் ஃபோல்டர், அதற்குள்ளும் ஃபோல்டர் என்று மாசக்கணக்கில் உழைத்துக் குடியமர்த்தினேன். களஞ்சியம் கைதட்டினார். சம்பள உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“சார், பட்டனை அழுத்தினா ‘நன்றி’ன்னு வருது. அப்புறம் அந்த விவரமெல்லாம் எங்க போகும்?” என்றாள் அவள்.

“இது கட்டமைப்புக் கூட்டம்மா. சில்லறை விஷயத்தை எல்லாம் இங்க கொண்டுவராத.”

தளம் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்காரர்கள் மகிழ்ந்து எங்கள் எல்லோருக்கும் பற்பசை கொடுத்தார்கள்.

அந்த வாரம் என் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிவிட்டது. போன் போட்டு நேரம் கேட்டிருக்கலாம். ஆனால், தம்பி செய்த தளம் ஆயிற்றே! அதில் பதிவு செய்து, ‘நன்றி’ என்று வந்த திரையைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். பிறகு மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

“காலையிலேருந்து உக்காந்திருக்கேன்டா. என் பேரே இல்லைன்னு சொல்றாங்க. டாக்டர் நாளையிலேருந்து லீவாம்.”

“இரு அக்கா, பாக்கறேன்.”

பார்த்தேன். மாடல் பத்திரமாக இருந்தது. அக்கா இல்லை. நிரப்பியதைச் சேமித்து வைக்கும் வரியை நாங்கள் எழுதவே இல்லை.

“இத்தனை மாசமா என்னதான்டா பண்ணீங்க?”

“எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணோம்கா.”

“எதை? என் பேரையா?”

“பேரை இல்லக்கா. பேருன்னு ஒண்ணு வரும்கறதை.”

“வலி உயிர் போகுதுடா” என்றாள் அக்கா. “அப்போ, அந்த ‘நன்றி’ எதுக்குடா?”